ஆள் ஏறியதும் மாறும் பிரேம்

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் மலைச் சைக்கிள் வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் உயரத்தைக் கேட்பார். பிறகு பிரேமின் மேல்குழாய்க்கு இருபுறமும் காலை ஊன்றி நிற்கச் சொல்வார். நான்கு விரல் இடைவெளி இருந்தால், "உங்களுக்கு மீடியம்தான்" என்று முடித்துவிடுவார். அவசரமாக இறங்கும்போது அடிபடாமல் இருக்க இந்தச் சோதனை உதவும். அதற்கு மேல் எதையும் சொல்லாது. முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் (அதிர்வைத் தாங்கும் அமைப்பு) உள்ள சைக்கிளுக்கு நிச்சயமாகச் சொல்லாது.

காரணம், ஆள் ஏறியதும் அந்தச் சைக்கிளின் கோணங்கள் மாறுகின்றன. பின்சக்கரம் 140 மி.மீ. மேலெழும் வகையில் அமைந்த சைக்கிளில் உட்கார்ந்தாலே அதில் சுமார் 30 விழுக்காடு, அதாவது 42 மி.மீ., அமிழ்ந்துவிடும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்ஃபோர்க் அவ்வளவு அமிழாது. ஏறக்குறைய 27 மி.மீ. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 1,200 மி.மீ. தூரம் என்றால், சைக்கிள் முக்கால் டிகிரி பின்னே சாய்கிறது. இது சமதரைக் கணக்கு.

செம்பனை மரங்களைப் படிக்கட்டு போல் நட்ட குன்றில் செம்மண் சாலை ஏறும்போது எடை பின்னுக்குப் போகும். பின்பக்கம் 60 மி.மீ. அமிழ்ந்து, முன்பக்க அமிழ்வு 10 மி.மீ. ஆகக் குறைந்துவிட்டால் சாய்வு இரண்டரை டிகிரியை நெருங்கும். பெடல் கைகள் சுழலும் நடு அச்சுக்கு (பெடல் அச்சு) மேல் 70 செ.மீ. உயரத்தில் இருக்கும் சீட் அதனால் 3 செ.மீ. பின்னுக்கு நகரும். மேட்டின் சாய்வு தனி. முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்குவதும், இடுப்பு வலிப்பதும் இதனால்தான்.

ஆகவேதான் இப்போது சீட்டைத் தாங்கும் சீட் குழாயை முன்பைவிடச் செங்குத்தாக வைக்கிறார்கள். அந்தக் கோணம் அளவையே புரட்டிப் போடும். பெடல் அச்சிலிருந்து ஹேண்டில் பொருந்தும் முன்குழாயின் உச்சி வரை கிடைமட்டத் தூரம் 'ரீச்'. செங்குத்துத் தூரம் 'ஸ்டேக்'. ரீச் 450, ஸ்டேக் 620 மி.மீ. கொண்ட இரண்டு பிரேம்களை எடுத்துக்கொள்ளுங்கள். சீட் கோணம் 73 டிகிரி என்றால், உட்கார்ந்த நிலையில் சீட்டுக்கும் முன்குழாய்க்கும் இடையே சுமார் 640 மி.மீ.; 77 டிகிரி என்றால் 593தான். ஒட்டியிருக்கும் அளவு எழுத்து இரண்டிலும் 'எம்' (மீடியம்) ஆகவே இருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பின்சக்கரத்துக்கும் பின்பக்க அதிர்வைத் தாங்கும் ஷாக்குக்கும் இடம் விட, சீட் குழாயைப் பல பிரேம்களில் வளைத்தோ முன்னே தள்ளியோ வைக்கிறார்கள். நீண்ட கால்காரர் சீட்டை உயர்த்த உயர்த்த, அட்டவணையில் உள்ள கோணத்தைவிடப் பின்னே போய்விடுவார்.

இறக்கத்தில் கதை வேறு. ஈர மண்ணில் கிடக்கும் மட்டை மீதும் உதிரிப் பழங்கள் மீதும் உட்கார்ந்தபடி யாரும் இறங்குவதில்லை. பெடலில் எழுந்து நிற்பார்கள். அப்போது ரீச்சும் ஸ்டேக்கும்தான் பேசும். சீட் குழாய் குட்டையாக இருந்தால் சீட்டை நன்றாகத் தாழ்த்தலாம், அவ்வளவுதான். சிறிய பிரேம் வாங்கி ஹேண்டிலைப் பிரேமோடு இணைக்கும் ஸ்டெம்மை நீளமாகப் போடும் யோசனை எனக்குப் பிடிக்காது: எடை முன்னே போகும், திருப்பமும் மந்தமாகும். இரண்டு அளவுக்கு நடுவில் இருப்பவர், நேரான தோட்டச் சாலையில் வேகமாக ஓட்டுபவரானால் பெரியதையும், மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து போபவரானால் சிறியதையும் எடுக்கலாம்.

கடையிலேயே ஷாக்கின் காற்றழுத்தத்தை உங்கள் எடைக்கு ஏற்ப வைக்கச் சொல்லுங்கள். ஷாக் தண்டு 50 மி.மீ. நகரும் வகையானால், நீங்கள் ஏறி உட்கார்ந்து மெதுவாக இறங்கியதும் அதிலுள்ள ரப்பர் வளையம் 15 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். கை எட்டுகிறதா என்று அதன் பிறகே பாருங்கள்.