ஸ்னாப்ஷாட் இருக்கிறது, லாக் இருக்கிறதா?

தரவுத்தளம் போய்விட்டது என்று அழைப்பு வந்தால் நான் முதலில் சொல்வது, "யாரும் எதையும் தொடாதீர்கள்." ஸ்னாப்ஷாட்டிலிருந்து, அதாவது வட்டு ஒரு கணத்தில் இருந்த நிலையின் பதிவிலிருந்து மீட்க, எவ்வளவு பெரிய தரவாக இருந்தாலும், ஒரு வரிக் கட்டளை போதும். அதனாலேயே யோசிக்காமல் என்டரைத் தட்டிவிடுகிறார்கள்.

லினக்ஸில் வட்டுப் பகுதிகளை (வால்யூம்களை) நிர்வகிக்கும் எல்விஎம்மில் 'எல்விகன்வர்ட்' கட்டளைக்கு 'மெர்ஜ்' கொடுத்தால் மூல வால்யூம் பழைய நிலைக்குப் போகும், ஸ்னாப்ஷாட்டும் அத்தோடு மறையும். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் 'ரோல்பேக்'குடன் 'ஆர்' சேர்த்தால் பின்னால் எடுத்த ஸ்னாப்ஷாட்கள் எல்லாம் காலி. இன்னும் ஆர்க்கைவுக்கு (தனிச் சேமிப்பிடத்துக்கு) போகாத டிரான்ஸாக்‌ஷன் லாகும் (ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கும் கோப்புகள்) அதே வால்யூமில் இருந்தால், கடைசி நேரப் பதிவுகளை நாமே அழித்தவர்கள் ஆவோம். ஆகவே முதல் வேலை லாக் கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுப்பது. அடுத்து, ஸ்னாப்ஷாட்டைக் குளோன் (நகல்) செய்து இன்னொரு சர்வரில் மவுன்ட் செய்வது. அசல் அப்படியே கிடக்கட்டும்.

2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் குறியீட்டைச் சேமித்துப் பகிரும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. வெர்ஷன் பொருந்தாததால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நகலெடுக்கும் கருவியான பிஜி_டம்ப் கொண்டு அவர்கள் எடுத்த பேக்கப் ஓசையில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது; அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. கைகொடுத்தது, சுமார் 6 மணி நேரம் முன்பு வேறொரு காரியத்துக்காக ஒரு பொறியாளர் எடுத்திருந்த எல்விஎம் ஸ்னாப்ஷாட். லாக் ஆர்க்கைவ் வைத்திருக்கவில்லை. இடைப்பட்ட 6 மணி நேரத் தரவு போனது போனதுதான்.

போஸ்ட்கிரெஸ்ஸில் அதிகம் சிக்குவது லாகின் எந்த இடத்திலிருந்து மீட்பைத் தொடங்குவது என்று சொல்லும் 'பேக்கப்_லேபிள்' என்ற சின்னக் கோப்பில். தரவும் லாகும் தனித்தனி வால்யூம்களில் இருந்து, அவற்றை ஒரே கணத்தில் ஸ்னாப்ஷாட் எடுக்க வழியில்லை என்றால், முன்னும் பின்னும் 'பிஜி_பேக்கப்_ஸ்டார்ட்', 'பிஜி_பேக்கப்_ஸ்டாப்' இரண்டையும் அழைத்தாக வேண்டும். 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பில்தான் இந்தப் பெயர்கள். பழைய பெயரில் அழைக்கும் ஸ்கிரிப்ட் அங்கே நின்றுவிடும். இரண்டும் ஒரே செஷனில் (தரவுத்தளத்தோடு ஒரே இணைப்பில்) நடக்க வேண்டும். ஷெல் ஸ்கிரிப்டில் பிஎஸ்கியூஎல் என்ற கட்டளைக் கருவியை இருமுறை தனித்தனியாக அழைப்பவர்களை இன்றும் பார்க்கிறேன்; முதல் செஷன் மூடியதுமே அந்த பேக்கப் ரத்து. 'ஸ்டாப்' திருப்பித் தரும் லேபிளைக் கோப்பாகச் சேமித்து, மீட்கும்போது டேட்டா டைரக்டரியில் வைக்க வேண்டும். அது இல்லாமலும் சர்வர் எழுந்து நிற்கலாம்! ஆனால் மீட்பைத் தவறான செக்பாயின்டிலிருந்து (அதுவரையிலான மாற்றங்கள் வட்டில் எழுதப்பட்டுவிட்டதைக் குறிக்கும் புள்ளி) தொடங்கியிருக்கும். டேபிள் சிதைந்திருப்பது வாரங்கள் கழித்துத் தெரியவரும்.

ஆரக்கிள் தரவுத்தளத்தில் 12சி பதிப்பு முதல் 'ரெக்கவர்' கட்டளையில் 'ஸ்னாப்ஷாட் டைம்' (ஸ்னாப்ஷாட் எடுத்த நேரம்) தரலாம். எழுதிய வரிசை குலையாத ஸ்னாப்ஷாட் என்றால் எடுப்பதற்கு முன் 'பிகின் பேக்கப்' போட்டிருக்கத் தேவையில்லை.

போஸ்ட்கிரெஸ்ஸில் லேபிள் சரியாக இருந்தால் மீதி எளிது. 'ரெக்கவரி.சிக்னல்' என்ற வெற்றுக் கோப்பை வைத்து, ஆர்க்கைவிலிருந்து லாகை எடுத்துவரும் 'ரிஸ்டோர்_கமாண்ட்' எழுதி, எந்த நேரம் வரை மீட்பது என்று 'ரெக்கவரி_டார்கெட்_டைம்' கொடுங்கள். நேரத்தோடு டைம்சோனையும் எழுதுங்கள். பயனர் சொல்லும் நேரம் ஒன்று, யுடிசியில் ஓடும் சர்வர் சொல்வது இன்னொன்று. இயல்புநிலையில் போஸ்ட்கிரெஸ் அந்த நேரத்தை அடைந்ததும் ப்ரமோட் ஆகாமல் (மீட்பை முடித்து எழுத அனுமதிக்கும் நிலைக்குப் போகாமல்) காத்திருக்கும். அழிந்த வரிசைகள் வந்துவிட்டனவா என்று அப்போதே வினவிப் பாருங்கள். வேண்டிய நேரத்தைத் தாண்டிப் போய்விட்டால் பின்னோக்கி நகர்த்த முடியாது, குளோனை மறுபடி எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். ப்ரமோட் செய்தபின் தரவு சிதைந்திருக்கிறதா என்று பார்க்கும் 'பிஜி_ஆம்செக்' ஓட்டிவிட்டு, பயனர்களை உள்ளே விடும் முன் புதிதாக ஒரு முழு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.