சீசர் (சிசேரியன்) என்றால் லீவு கூடுமா?

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. "வயித்த வெட்டித்தானே புள்ளய எடுத்தாங்க, அதுக்கு இன்னும் ஒரு மாசம் சேத்துத் தர மாட்டாங்களா?"

தர மாட்டார்கள். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கப் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம்தான் பொருந்தும். சுகப்பிரசவமா சீசரா என்று அந்தச் சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் 12 வாரம்தான். பிள்ளை பிறந்த நாளையும் சேர்த்து அதற்கு முன் 2 வாரம், பிறகு 10 வாரம். பிள்ளை உயிரோடு பிறக்காவிட்டால் 6 வாரம்.

மூன்றாவது பிள்ளைக்குப் பாதிதான் என்று இன்னும் சில கணக்கப்பிள்ளைமார் சொல்கிறார்கள். அது பழைய கதை. முன்பு மூன்றாம் பிள்ளையிலிருந்து 42 நாள்தான் இருந்தது. 2018ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை மாற்றிவிட்டது. இப்போது எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள்.

அப்புறம் காசு. சம்பளத்தில் ஏழில் ஆறு பங்கு கிடைக்கும். கணக்குக்காக நாள் சம்பளம் 1,400 ரூபாய் என்று வையுங்கள், பிரசவக் காசு நாளுக்கு 1,200 ரூபாய். ஆனால் அதற்கு முந்திய ஒரு வருடத்தில் 150 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். ஆகவே, வயிற்றில் பிள்ளை தங்கியது தெரிந்த நாளிலிருந்தே செக்ரோலில் (வேலை நாள் பதியும் புத்தகத்தில்) உங்கள் பேர் ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரசவ விஷயத்தைத் தோட்டத்து ஒபிசுக்கு எழுத்தில் அறிவித்து, பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. வாயால் சொன்னதை நாளைக்கு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். (டவுனில் கடையிலோ ஒபிசிலோ வேலை என்றால் வேறு சட்டம். அதில் முழுச் சம்பளம் உண்டு, வார விடுமுறையும் போயா (பௌர்ணமி) விடுமுறையும் 84 நாளில் சேராது. மலையில் கொழுந்து பறிப்பவளுக்கு ஏன் ஏழில் ஆறு என்று கேட்டால் எனக்கும் கோபம்தான் வருகிறது.)

சரி, சீசர் ஆனவருக்கு விசேஷமாக ஒன்றுமே இல்லையா? அதே சட்டத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைத்தான் யாரும் கேட்பதில்லை. பிரசவத்துக்கு முன் 3 மாதமும் பின் 3 மாதமும் தாய்க்கோ பிள்ளைக்கோ கேடு செய்யக்கூடிய வேலையைக் கொடுக்கக் கூடாது. லீவோ பத்து வாரத்தில், அதாவது 70ஆம் நாளில் முடிந்துவிடுகிறது. மூன்று மாதம் முடிய இன்னும் மூன்று வாரம் மிச்சம். அந்த மூன்று வாரத்தில்தான் தலையில் கயிற்றை மாட்டி, கொழுந்துக் கூடையைச் சுமந்து, மழையில் வழுக்கும் மேட்டில் ஏறச் சொல்கிறார்கள். உள்ளே தையல் சரியாக ஆறியிருக்காது. "பாரம் தூக்க வேண்டாம்" என்று டொக்டரிடம் எழுதி வாங்கி, அதைக் காட்டி லேசான வேலை கேளுங்கள். அது தோட்டத்துத் துரை போடும் பிச்சை இல்லை. பிரசவத்துக்குப் பின் முதல் 4 வாரத்தில் எந்த வேலையுமே கொடுக்கக் கூடாது என்பதும் சட்டம்தான்.

வேலைக்குத் திரும்பியதும் பால் கொடுக்க நேரம் உண்டு. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, 9 மணி நேர வேலைக்குள் இரண்டு தடவை. பிள்ளை மடுவம் (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) இருந்தால் ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். சாப்பாட்டு நேரத்தில் இதைக் கழிக்க முடியாது. கொடுக்க மறுத்தால் சங்கத் தலைவரிடம் சொல்வதோடு நிற்காமல், பகுதித் தொழில் அலுவலகத்திலும் முறைப்பாடு எழுதிக் கொடுங்கள்.

ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் சீசருக்குக் கட்டணம் கிடையாது. இடுப்பு வலி வந்தால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்சும் இலவசம். வெளிக்கிடும்போது கிளினிக் கார்டை மட்டும் மறந்துவிடாதீர்கள். நடுராத்திரியில் தியேட்டருக்குள் கொண்டுபோகும் டொக்டருக்கு உங்கள் இரத்த வகையும் பிரஷரும் அதைப் பார்த்துத்தான் உடனே தெரியும். கையெழுத்து வாங்கும் படிவம் சிங்களத்தில் இருந்தால், தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டே போடுங்கள்.

திடீர் சீசரில் இன்னொரு சிக்கலும் வரும். பொகவந்தலாவையில் வலி எடுத்தவரை டிக்கோயாவுக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து பேராதனைக்கு அனுப்பினாலும் ஆச்சரியமில்லை. பிறப்பைப் பதிய வேண்டியது பிள்ளை பிறந்த இடத்துப் பதிவாளரிடம், வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் இல்லை. அதற்கு 42 நாள் அவகாசம் உண்டு. எங்கள் லயத்தில் ஒரு தாத்தா அது தெரியாமல் ஊர்ப் பதிவாளரிடம் இரண்டு தடவை போய் வெறுங்கையோடு திரும்பினார். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில், ஆஸ்பத்திரியிலேயே பதிவாளர் இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் அன்றைக்கே முடித்துக்கொள்ளலாம், தையலோடு இன்னொரு தரம் பஸ் ஏற வேண்டியதில்லை.