மக்கும் கோப்பை எங்கே மக்கும்?

தைப்பூசம் முடிந்த கையோடு எங்கள் உரக்கூடத்துக்கு மூன்று மூட்டை கோப்பைகள் வந்தன. கொண்டுவந்த தம்பி தண்ணீர்ப் பந்தல் குழுவில் ஒருவர். "அண்ணே, எல்லாம் மக்கும் கோப்பை. உரத்தில் போட்டுவிடுங்கள்" என்றார். அவரைக் கோபிக்க மனம் வரவில்லை. நல்லது செய்ய நினைத்துத்தானே கூடுதல் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்! ஆனால் பினாங்கில் உணவுக்கழிவை உரமாக்குவதுதான் என் வேலை. வருடா வருடம் இதே மூட்டை, இதே பேச்சு.

அந்தக் கோப்பை பி.எல்.ஏ. என்ற பொருளால் ஆனது. சோளம், கரும்பு போன்ற பயிர்களிலிருந்து எடுப்பது. மக்கும் என்பது பொய்யில்லை. எங்கே என்பதுதான் கேள்வி. 58 டிகிரி அளவுக்குச் சூடும் ஈரமும் காற்றும் வாரக்கணக்கில் குறையாமல் இருக்கும் பெரிய உர ஆலையில் மக்கும். நம் அடுக்குமாடி உரத்தொட்டியில் அந்தச் சூடு நிற்காது. சோதிப்பதற்காக நானே ஒன்றைப் புதைத்து வைத்தேன். எட்டு மாதம் கழித்து எடுத்துக் கழுவினால், மோர் ஊற்றிக் கொடுக்கலாம் போல முழுசாக இருந்தது.

"சரி, குப்பைமேட்டில் கிடந்தாவது மக்காதா?" என்று கேட்பார்கள். மக்காது. தீவின் குப்பை பத்து மாவுங் போய், படகேறி, அக்கரையில் புலாவ் பூரோங் குப்பைமேட்டில் சேர்கிறது. அங்கே அழுத்தி மண் போட்டு மூடுகிறார்கள், அந்தச் சூடும் காற்றும் உள்ளே போதாது. கோப்பை அப்படியே கிடக்கும். காகிதமும் சோறும் அங்கே அழுகும். அழுகி, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவைக் கிளப்பும். கடலில் விழுந்தாலும் கதை அதுதான், கடல்நீருக்கு ஏது அந்தச் சூடு? மறுசுழற்சித் தொட்டியிலும் போடாதீர்கள். தண்ணீர் போத்தல்களோடு கலந்தால் அந்தக் குவியலும் கெடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், பிரிப்பவர்கள் திணறிப்போவார்கள்.

'ஆக்ஸோ' என்று அச்சடித்த பைகள் இதைவிட மோசம். சாதாரண பிளாஸ்டிக்கில் உலோக உப்பு கலந்தது. வெயிலில் தூள் தூளாக உடையும். உடைவது வேறு, மக்குவது வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2021லேயே இதைத் தடை செய்துவிட்டது.

பந்தல் போடுகிறவர்களே, எவர்சில்வர் டம்ளர் வையுங்கள். கழுவ நான்கு பேரையும் சுடுநீரையும் ஏற்பாடு செய்யுங்கள். சாப்பாட்டுக்கு வாழை இலை, இல்லையென்றால் பாக்கு மட்டைத் தட்டு. பாக்கு மரத்தின் பெயரைத் தாங்கிய தீவில் அதைத் தேடி அலைய வேண்டுமா? இவை இரண்டையும் எத்தனை மூட்டை வந்தாலும் வாங்கிக்கொள்வேன். கரும்புச் சக்கைப் பெட்டி என்றால் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறதா என்று கிழித்துப் பாருங்கள். கடையில் தாப்பாவ் செய்ய, அதாவது சாப்பாட்டைப் பொட்டலமாக வாங்கி வர, வீட்டிலிருந்தே அடுக்குப் பாத்திரம் எடுத்துப் போங்கள். 2011இல் இலவசப் பிளாஸ்டிக் பையை நிறுத்தி 20 காசு கேட்டபோதும் முணுமுணுத்தோம். அப்புறம் துணிப்பை பழகிவிடவில்லையா?

அந்த மூன்று மூட்டையையும் பிரித்து, ஒட்டியிருந்த சர்பத்தை வடித்து, குப்பை லாரியில்தான் ஏற்றினோம். அடுத்த வருடத்துக்குக் கோப்பை வாங்கும் முன்னால், தயவுசெய்து உங்கள் ஊர் உரக்கூடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.