ஒரு பக்கம் மட்டும் வளைந்த லென்ஸ்

சிங்கப்பூர் தேக்கா பக்கம் கண்ணாடிக் கடையில் கொடுத்த பவர் சீட்டை எடுத்துப் பாருங்கள். ‘சிலிண்டர்’ என்ற கட்டத்தில் ஏதாவது எண் இருந்தால், உங்கள் மூக்குக்கண்ணாடியில் ஓர் உருளை லென்ஸும் கலந்திருக்கிறது. அதைக் கழற்றிக் கையை நீட்டிப் பிடித்து, கதவு நிலையை அதன் வழியே பார்த்தபடி மெல்லச் சுழற்றுங்கள். நேராக நிற்கும் நிலை சாய்ந்து சாய்ந்து நிமிரும். வெறும் கிட்டப்பார்வைக் கண்ணாடியில் இது நடக்காது.

சாதாரண லென்ஸின் முகம் பந்திலிருந்து சீவிய துண்டு. ஒளியை எல்லாப் பக்கமிருந்தும் இழுத்து ஒரு புள்ளியில் சேர்க்கும். உருளை லென்ஸ் தூணிலிருந்து சீவியது. குறுக்குவாட்டில் வளைந்திருக்கும், நெடுக்குவாட்டில் நேராக இருக்கும். அதனால் ஒளி ஒரு திசையில் மட்டும் குவிந்து கோடாக விழும்.

லேசர்காரர்களுக்கு இது ஏன் வேண்டும்? குறைகடத்திச் சில்லிலிருந்து ஒளி தரும் டயோடு லேசரில், ஒளி வெளியேறும் பிளவு சுமார் 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உயரம், 100 மைக்ரான் அகலம். பிளவு குறுகக் குறுக ஒளி அதிகமாக விரியும். எனவே செங்குத்தாக 30, 40 பாகை விரிகிற கதிர், பக்கவாட்டில் 10 பாகைக்குள் நின்றுவிடும். வட்ட லென்ஸ் ஒன்றால் இரண்டையும் சரிசெய்ய முடியாது. அதனால் பிளவை ஒட்டினாற்போல் ஒரு குட்டி உருளை லென்ஸ், அப்புறம் 90 பாகை திருப்பி இன்னொன்று. முதலாவதன் குவியத் தூரம் (லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம்) அரை மில்லிமீட்டர் என்றால், அது 1 மைக்ரான் நகர்ந்தாலே ஒரு மீட்டர் தள்ளிக் கதிர் 2 மில்லிமீட்டர் விலகிப் போயிருக்கும்!

எம்ஆர்டி ரயிலில் எல்லாரும் குனிந்து பார்க்கும் கைத்தொலைபேசித் திரைகளில் பலவற்றுக்கும் இந்தக் கோடு தேவைப்பட்டிருக்கிறது. திரையின் கண்ணாடிமேல் ஒழுங்கில்லாமல் படிந்த சிலிக்கான் படலத்தை, 308 நானோமீட்டர் அலைநீள லேசர் துடிப்பு நொடிப்பொழுதுகூட ஆகாமல் உருக்கிப் படிகமாக்குகிறது. கதிரை நீளக் கோடாக இழுத்துக் கண்ணாடி முழுக்க ஓட்டுவார்கள். கோட்டில் ஓரிடத்தில் சக்தி கூடிக் குறைந்தால் திரையில் வரி விழும்.

சரி, உருளை லென்ஸைச் செய்வதில் என்ன கஷ்டம்? ஆட்டுக்கல்லில் குழவி சுழன்று சுழன்று குழி தானாக உருண்டையாவதுபோல, எல்லாத் திசையிலும் தேய்த்தால் கோள முகம் தானே வந்துவிடும். உருளைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தேய்க்கும்போது கொஞ்சம் திருகினாலும் வடிவம் கெட்டுவிடும். விலை எகிறுவதில் நியாயம் இருக்கிறது என்பேன்.

லேசரின் சக்தி கூடினால் லென்ஸின் சின்னக் குறையும் பெரிதாகிவிடும். பூச்சில்லாத கண்ணாடி, ஒரு முகத்துக்குச் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பியனுப்பும். 1 கிலோவாட் லேசரில் அது 40 வாட். எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இதை அரை சதவீதத்துக்கும் கீழே கொண்டுவருகிறது. உள்ளே உறிஞ்சப்படும் ஒளி நடுப்பகுதியைச் சூடாக்கிக் குவியத்தை நகர்த்திவிடும் என்பதால், ஒளியை மிகக் குறைவாக உறிஞ்சும் தூய உருக்கிய சிலிக்கா (fused silica) கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சூட்டில் அது விரிவதும் சாதாரண ஒளியியல் கண்ணாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கையுறை இல்லாமல் யாரும் அதைத் தொடுவதில்லை. விரல் ரேகையின் எண்ணெய்ப்பசை லேசர் பட்டதும் சூடாகிக் கருகும். அந்த இடத்தில் பூச்சும் போய்விடும்.