ஆல்டர்பீஸ்னா என்ன, தமிழ்ல எப்படிச் சொல்றது?

சர்ச்ல பீடத்துக்குப் பின்னால நிக்கிற ஓவியமோ சிற்பமோதான் ஆல்டர்பீஸ். அந்தப் பேரை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை மாத்துனா "பலிபீடத் துண்டு"ன்னு வரும், படிக்கிறவங்களுக்கு எங்கயோ உடைஞ்சு விழுந்த கல்லுன்னுதான் தோணும். இதுல வர்ற பீஸ் துண்டு இல்ல, மாஸ்டர்பீஸ்ல வர்ற பீஸ், அதாவது செஞ்சு முடிச்ச ஒரு படைப்பு. ஆல்டர் லத்தீன் அல்தாரேல இருந்து வந்தது, நம்ம கத்தோலிக்கர்கள் பீடம், பலிபீடம்னு சொல்றது. இதுக்கே ரிடேபிள்னு இன்னொரு பேரும் உண்டு, அதோட லத்தீன் வேர்ல ரெட்ரோன்னா பின்னால, தாபுலான்னா பலகை. எனக்கு இந்தப் பேர்தான் ரொம்பப் பிடிக்கும், ஏன்னா பொருள் எங்க நிக்குதுன்னு பேரே சொல்லிடுது: பீடத்துக்குப் பின்னால நிக்கிற பலகை.

அந்த இடம் ஏன் முக்கியம்னா, பெல்ஜியத்துல கெண்ட் நகரத்துல இருக்கிற ஆல்டர்பீஸைப் பாருங்க. ஹூபர்ட் வான் ஐக் ஆரம்பிச்சு தம்பி யான் வான் ஐக் 1432-ல முடிச்சதுன்னு ஓவியத்தோட மரச்சட்டத்துலயே எழுதியிருக்கு, ஓக் பலகை மேல எண்ணெய் வண்ணம். யோஸ் ஃபைட்டும் அவர் மனைவி எலிசபெத் போர்லூட்டும் அப்போ புனித யோவான் ஆலயமா இருந்த இடத்துல தங்களோட சிற்றாலயத்துக்காகச் செய்யச் சொன்னது, அந்த ஆலயம்தான் இப்போ புனித பாவோ பேராலயம். நடுப்பலகையில ஒரு பீடம், அது மேல இயேசுவைக் குறிக்கிற செம்மறி நிக்குது, நெஞ்சுல இருந்து ரத்தம் கிண்ணத்துல விழுது. அந்தக் காலத்துல இந்தப் படத்துக்கு எதிர்ல இருந்த நிஜப் பீடத்துல குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டி நின்னு அப்பத்தை உயர்த்துவாரு, அப்போ பார்க்கிறவங்க கண்ணுக்கு நிஜப் பீடமும் வரைஞ்ச பீடமும் மேலும் கீழுமா ஒண்ணு சேரும். வரைஞ்ச பீடத்துணியில லத்தீன்ல எழுதியிருக்கிறது நம்ம கத்தோலிக்க வழிபாடான திருப்பலியில இன்னிக்கும் கேக்குற "உலகின் பாவங்களைப் போக்கும்" இறைவனின் செம்மறி பத்தின வாசகம்தான். அந்தச் சிற்றாலயத்து ஜன்னல் வலப்பக்கம் இருந்ததால படத்துக்குள்ளயும் வெளிச்சம் வலப்பக்கத்துல இருந்துதான் விழுது, அவ்வளவு தூரம் அந்த இடத்தோட ஒட்டிப் பொறந்தது.

அடுத்த வார்த்தை பாலிப்டிக். கிரேக்கத்துல பாலின்னா பல, ப்டிகேன்னா மடிப்பு. ரோமானியர் காலத்துல மெழுகு பூசின ரெண்டு பலகையைக் கீல் போட்டு மடிச்சு எழுதுவாங்க, அது டிப்டிக். பழைய திருச்சபையில திருப்பலி நேரத்துல யாருக்காக வேண்டணுமோ அவங்க பேரையும் அந்த மாதிரிப் பலகையில எழுதி வச்சிருந்தாங்க. மூணு பலகைன்னா டிரிப்டிக், அதுக்கு மேலன்னா பாலிப்டிக். தமிழ்ல மடிங்கிறது மடிக்கிறதுக்கும் வரும், இருமடி, மும்மடின்னு எண்ணிக்கைக்கும் வரும், அதனால இருமடி ஓவியம், மும்மடி ஓவியம், பன்மடி ஓவியம்னு தாராளமா சொல்லலாம், எதையும் வலிஞ்சு உண்டாக்க வேண்டியதே இல்ல.

ரெண்டு பக்கமும் மடியிற பலகையை ஐரோப்பால இறக்கைன்னு சொல்றாங்க, நமக்குக் கதவுன்னா போதும். கெண்ட்ல அந்தக் காலத்துல சாதாரண நாள்ல கதவு மூடியே இருந்துச்சு, வெளிப்பக்கம் மங்கல வார்த்தைக் காட்சி (வானதூதர் மரியாகிட்ட இயேசு பிறக்கப் போறதைச் சொல்றது), கல் சிலை மாதிரி வரைஞ்ச ரெண்டு யோவான் (திருமுழுக்கு யோவானும் நற்செய்தியாளர் யோவானும்), முழங்கால்ல நிக்கிற ஃபைட் தம்பதி, எல்லாம் அடங்கின நிறம். திருவிழா அன்னிக்குத் திறந்தப்போதான் சிவப்பும் பச்சையும் தங்கமும் வெளிய வந்துச்சு.

இந்த மடிப்பை மறந்து சுவர்ல மாட்டுற படமா நினைச்சதால நடந்த கொடுமையும் இருக்கு. 1816-ல கதவுகள் பலதும் ஒரு வியாபாரிக்கு வித்துப் போச்சு, அப்புறம் பிரஷ்ய அரசர்கிட்ட, அங்கிருந்து பெர்லின் மியூசியம். அங்க 1894-ல ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல காட்டணும்னு பலகைகளைத் தடிமன் வாக்குல ரெண்டா அறுத்தாங்க. முதல் உலகப்போருக்கு அப்புறம் வெர்சாய் ஒப்பந்தத்துல இதைத் திருப்பிக் கொடுக்கணும்னு தனியா எழுதித்தான் கெண்டுக்குத் திரும்பி வந்துச்சு. 1934-ல திருடு போன, நேர்மையான நீதிபதிகள்னு பேர் கொண்ட பலகை மட்டும் இன்னும் கிடைக்கல, அந்த இடத்துல நகல்தான் இருக்கு.

அதனால பொதுவா எழுதும்போது பீட ஓவியம், சிற்பமா இருந்தா பீடச் சிற்பம், எங்க நிக்குதுன்னு சொல்லணும்னா பீடப் பின்பலகை, கெண்ட் மாதிரி கதவு வச்சதுன்னா பன்மடிப் பீட ஓவியம். பலிபீட ஓவியம்னு எழுதுறதும் தப்பில்ல, ஆனா பீடத்தோட முன்பக்கத்துல தொங்குற ஓவியத் துணியும் பலகையும் வேற வகை, அதோட குழப்பிக்காம பார்த்துக்கணும்.