கரண்ட் போனாலும் நிக்காத பிங்க் பாந்தர் ட்யூன்

எங்க ஊரு சோமனூர் பக்கம். வீட்டை ஒட்டியே தறி குடோன், ஆறு தறி ஓடும், அந்தச் சத்தத்துல பக்கத்துல உக்காந்திருக்கறவங்க பேசறதே காதுல விழாது, இதுல டிவி எங்க கேக்கறது. அதனாலயே நானும் எங்கண்ணனும் உசுரா பாத்த கார்ட்டூன் பிங்க் பாந்தர், ஒரு ரோஸ் கலர் சிறுத்தையோட சேட்டை. அதுல பெரும்பாலும் யாரும் பேச மாட்டாங்க, இங்கிலீஷும் தெரிய வேண்டாம், வசனமும் கேக்க வேண்டாம். ஆரம்பத்துல வர்ற ட்யூனுக்கு மட்டும் டிவி ஸ்பீக்கர்ல காதை ஒட்ட வெச்சுக்குவோம். டடங்... டடங்...னு அது ஆரம்பிக்கும், அப்பப் பாத்து கரண்ட் போயிரும். தறி ஆறும் ஒண்ணா நிக்கும், டிவி அணைஞ்சிரும், ஊரே கம்முனு ஆயிரும். ஆனா ட்யூன் நிக்காதுங்க. விட்ட எடத்துல இருந்து மிச்சத்தை நானும் அண்ணனும் வாயாலயே பாடி முடிப்போம், யாரும் ஒண்ணு ரெண்டு மூணு சொல்லாமயே ரெண்டு பேரும் ஒரே எடத்துல ஒரே வேகத்துல வந்து சேருவோம்.

அது எப்படின்னு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் படிச்சேன், படிச்சப்ப உடம்பே சிலுத்துப் போச்சு. 2005-ல அமெரிக்காவுல டார்ட்மவுத் காலேஜ்ல டேவிட் கிரேமரும் கூட இருந்த ஆராய்ச்சியாளர்களும் கிட்டத்தட்ட எங்க வீட்டு கரண்ட் கட்டையேதான் பண்ணிப் பாத்திருக்காங்க. ஆளை எம்ஆர்ஐ ஸ்கேனர்ல படுக்க வெச்சு பாட்டு போடறது, நடுநடுவுல சில நொடி மட்டும் சத்தத்தை மொத்தமா வெட்டிடறது, அந்த அமைதியில மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னு பாக்கறது, அவ்வளவுதான் சோதனை. தெரியாத பாட்டை வெட்டுனப்பவும் தெரிஞ்ச பாட்டை வெட்டுனப்பவும் மூளை ஒரே மாதிரி இல்லை. தெரிஞ்ச பாட்டுன்னா காதுக்கு ஒண்ணுமே வராத நேரத்துலயும் கேக்கற வேலை பாக்கற பகுதி நல்லா வேலை பாத்துட்டே இருந்துச்சு. மனசுக்குள்ள பாடிப் பாருங்கன்னு யாரும் சொல்லவே இல்லை, மூளை தானாவே ஓட்டிக்கிட்டது. பாட்டு உள்ள ஓடிட்டுதான் இருந்துச்சுன்னு படுத்திருந்தவங்களும் சொல்லியிருக்காங்க.

இதுல என்னைத் தூக்கிவாரிப் போட்ட விஷயம், அந்தச் சோதனைக்கு எடுத்த இசையில ஒண்ணு சாட்சாத் பிங்க் பாந்தர் ட்யூன். வார்த்தை இருக்கற பாட்டுக்கும் வெறும் வாத்திய இசைக்கும் வித்தியாசம் வருதான்னு பாக்கத்தான் இதைச் சேத்திருந்தாங்க. வித்தியாசம் வந்துச்சு. வார்த்தை இருக்கற பாட்டுன்னா அந்த அமைதியில மூளையோட வேலை, கேட்டதைச் சேத்துப் புரிஞ்சுக்கற மேல்மட்டப் பகுதிக்குள்ளயே நடந்துச்சு, அதுக்குக் கீழ இறங்கலை. வார்த்தை இல்லாத இசைக்கு அந்த வேலை இன்னும் கீழ இறங்கி, காதுல இருந்து வர்ற சத்தம் மொதல்ல வந்து சேர்ற பகுதி வரைக்கும் போயிருக்கு. பாட்டுல வரி இருந்தா மூளை அந்த வரியைப் புடிச்சுட்டு தொங்கிக்கலாம். வரி இல்லைன்னா புடிச்சுக்க சத்தம் மட்டும்தான் இருக்கு, அதனால அந்தச் சத்தத்தையே திரும்ப உண்டாக்கிப் பாக்க வேண்டியதாயிருக்கும்னு அவங்க விளக்கம் சொல்றாங்க.

இந்த ட்யூனை எழுதுனவரு ஹென்றி மான்சினி, 1963-ல. அது மொதல்ல கார்ட்டூனுக்குன்னு எழுதுனதே இல்லைங்க. பிளேக் எட்வர்ட்ஸ் எடுத்த ஒரு திருட்டுக் கதைப் படம், அதுல பிங்க் பாந்தர்ங்கறது ஒரு வைரத்தோட பேரு, உள்ள உத்துப் பாத்தா சிறுத்தை பாயற மாதிரி ஒரு குறை தெரியும். படத்தோட டைட்டில்ல பேரு போடறப்ப வர்றதுக்காக ஃபிரிஸ் ஃபிரெலெங்கோட கார்ட்டூன் கம்பெனிக்காரங்க வரைஞ்சு குடுத்ததுதான் நம்ம ரோஸ் கலர் சிறுத்தை. மான்சினி அவங்களுக்கு மொதல்ல வேகத்தைத்தான் குடுத்தாரு, இந்தத் தாளத்துக்கு வரையுங்க, அடி விழற எடத்துக்கெல்லாம் நான் இசை போட்டுக்கறேன்னு. சினிமா ஃபிலிம் நொடிக்கு 24 படமா ஓடும், 12 படத்துக்கு ஒரு அடின்னு வெச்சா அரை நொடிக்கு ஒரு அடி, நிமிஷத்துக்கு 120. இப்படி எண்ணித்தான் கார்ட்டூன்ல கால் வெக்கறதும் தாளம் விழறதும் ஒண்ணா பொருந்துது. அந்தச் சிறுத்தை ட்யூனுக்கு ஏத்தாப்ல நடக்குதா, ட்யூன் சிறுத்தைக்கு ஏத்தாப்ல நடக்குதான்னு இன்னைக்கும் பிரிச்சுச் சொல்ல முடியாது.

டைட்டில்ல வந்த சிறுத்தை ஜனங்களுக்குப் புடிச்சுப்போய் தனியாவே படம் எடுக்க ஆரம்பிச்சாங்க. 1964-ல வந்த மொதல் குறும்படத்துல ஒரு ஆளு வீட்டுக்கு நீலம் அடிக்க அடிக்க நம்மாளு பின்னாடியே ரோஸ் அடிச்சுட்டு வருவான், அதுக்கே ஆஸ்கார் கெடைச்சுது. ட்யூனுக்கு மூணு கிராமி இசை விருது.

இப்ப ட்யூனுக்குள்ள போலாம், எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் இதுதான். மேற்கத்திய இசைக் கணக்குல இது ஈ (E) மைனர் ஸ்கேல், அந்த ஈ சுரத்தை நம்ம ஸ-ன்னு வெச்சுக்கங்க. மொதல் டடங் நி-ஸ, ரெண்டாவது டடங் ரி-க. ரெண்டுலயும் அடுத்தடுத்த கட்டைக்கு ஒரு சின்ன வழுக்கல், அரை சுரம்தான். பூனை கால் எடுத்து வெக்கற மாதிரி ஒரு அடி, ஒரு நிறுத்தம், இன்னொரு அடி, ஒரு நிறுத்தம். அப்பறம் கிடுகிடுன்னு ஓடி மேல போய் ஒரு சுரத்துல நீளமா நிக்கும் பாருங்க, டாஆஆஆன்னு, அது பிரதி மத்யமம், அதாவது ரெண்டு வகை ம-வுல மேல இருக்கறது. அங்கிருந்து எறங்கறப்ப கீழ இருக்கற ம-வான சுத்த மத்யமத்தைத் தொட்டுட்டு எறங்கும். நம்ம கர்நாடக இசையில தாய் ராகங்களை வகைப்படுத்தற மேளகர்த்தா கணக்குல ஒரு ராகத்துக்கு ஒரு மத்யமம்தான், இங்க ரெண்டும் அடுத்தடுத்து வருது, அதனாலதான் அந்த எடத்துல ஒரு கள்ளத்தனம் தெரியுது. தாளமும் சமமா இருக்காது, நெடில் குறில்னு நொண்டும், நம்மூர் கும்மியில மூணு மூணா எண்ணற திஸ்ர நடையை நெனைச்சுப் பாருங்க, அந்தப் பக்கம்தான். இதை சாக்ஸபோன்ல வாசிச்சவரு பிளாஸ் ஜான்சன், அவரு வாசிக்கறதை மனசுல வெச்சுத்தான் மான்சினி எழுதுனாராம்.

அந்த நிறுத்தங்களைத்தான் நான் பெருசா நெனைக்கறேன். ஒவ்வொரு நிறுத்தத்துலயும் அடுத்தது என்னன்னு மூளை எதிர்பார்க்குது. 2011-ல கனடாவுல மெக்கில்ல வலோரி சலிம்பூர், ராபர்ட் சடோரே குழு பாத்ததுல, புடிச்ச இசையில உச்சம் வர்றதுக்கு முன்னாடி காத்திருக்கற நேரத்துலயே மூளையில சொகத்தோட சம்பந்தப்பட்ட டோபமைன்ங்கற ரசாயனம் சுரக்குது, உச்சம் வந்தப்பறம் இன்னொரு பகுதியில சுரக்குது. காத்திருக்கறதே ஒரு சொகம். கொஞ்சம் வேகமா, ஏறி எறங்கற வடிவமா, நடுவுல எதிர்பாராத தாவலோட இருக்கற ட்யூன்தான் மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும்னு கெல்லி ஜகுபோவ்ஸ்கி 3000 பேர்கிட்ட கேட்டுப் பண்ண இன்னொரு ஆராய்ச்சி சொல்லுது.

எங்கக்கா பொண்ணுக்கு ஆறு வயசு, அந்தக் கார்ட்டூனை ஒரு தடவைகூடப் பாத்ததில்லை, ஆனா முறுக்கு டப்பாவைப் பாத்து நுனிக்கால்ல போறப்ப டடங் டடங்னுதான் போறா. எங்க புடிச்சான்னு தெரியலை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப திண்ணையில உக்காந்து ஃபோன்ல அந்த ட்யூனைப் போட்டேன். அப்பா தறியெல்லாம் வித்து அஞ்சாறு வருஷமாச்சு, டிவி முன்னாடி அவரு உக்காந்து நான் பாத்ததே இல்லை. ஒரிஜினலை அவரு கேட்டிருக்கவே வாய்ப்பில்லை, தறி ஓடுனா காது கேக்காது, தறி நின்னா டிவி ஓடாது. நாலாவது டடங் வர்றப்ப ஃபோனை நிறுத்துனேன். அப்பா விரலால திண்ணையைத் தட்டிக்கிட்டே அந்த டாஆஆஆ வரைக்கும் சரியா போய் நின்னாரு.

"ஏப்பா, உனக்கு எப்படிப்பா இது தெரியும்?"

"கரண்ட் போனா நீயும் அண்ணனும் பாடறதுதான கண்ணு இது."