இன்டெக்ஸ் என்றால் சுட்டெண் இல்லை

தரவுத்தளப் பாடக் குறிப்புகளில் இன்டெக்ஸைச் சுட்டெண் என்று மொழிபெயர்த்து, ‘தேடல் வேகத்துக்குச் சுட்டெண் இடுக’ என்று எழுதிய வரியை இன்னும் எத்தனை தடவை பார்க்க வேண்டுமோ! கிளிநொச்சியில் ஒரு பிள்ளை அதை நம்பி, நெல் கொள்வனவைப் பதியும் தன் செயலியில் 1, 2, 3 என்று புதிதாக ஒரு நிரலை (column) சேர்த்துவிட்டு, “சுட்டெண் போட்டுட்டன், தேடல் அப்பிடியேதான் கிடக்கு” என்றார். பிள்ளையில் பிழை இல்லை. இலங்கையில் சுட்டெண் என்றால் பரீட்சை விடைத்தாளில் எழுதும் எண். இல்லாவிட்டால் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண். இரண்டும் எண்தான்.

இன்டெக்ஸ் இலத்தீன் சொல். சுட்டிக்காட்டுவது, சுட்டுவிரல் என்று பொருள். அதில் எண்ணுக்கு இடமே இல்லை.

எஸ்கியூலைற் (SQLite) போன்ற உட்பொதிந்த தரவுத்தளத்துக்குத் தனிச் சேவையகம் வேண்டாம். செயலியோடேயே ஓடும், தரவு முழுவதும் போனில் ஒரே கோப்பில் இருக்கும். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களுக்குத் தோதானது. ஒரு இலட்சம் நிரைகளில் (rows) தருமபுரத்து விவசாயிகளை மட்டும் கேட்டால், இன்டெக்ஸ் இல்லாதபோது முதல் நிரையிலிருந்து கடைசி வரை வாசிக்கும். இன்டெக்ஸ் இட்டால், ஊர்ப்பெயர்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எந்த நிரைக்குரியது என்ற குறிப்போடு தனியாக வைத்துக்கொள்ளும். வரிசையாக இருப்பதால் பாதி பாதியாகக் கழித்துத் தேடலாம்; இலட்சத்துக்கு 17 ஒப்பீடு போதும். நிரை எண்ணை எஸ்கியூலைற் வழக்கமாகத் தானே கொடுத்துவிடும். அந்தப் பிள்ளை சேர்த்த நிரல் வெறும் சுமை.

சந்தேகம் இருந்தால் வினவலுக்கு முன் ‘எக்ஸ்பிளெயின் குவெரி பிளான்’ (EXPLAIN QUERY PLAN) என்று போட்டுப் பாருங்கள். ‘ஸ்கேன்’ என்று மட்டும் வந்தால் எல்லாவற்றையும் வாசிக்கிறது. ‘சேர்ச்’ என்று இன்டெக்ஸின் பெயரோடு வந்தால் சரி.

வேறு சொற்களும் உதவவில்லை. அட்டவணை என்றால், தரவுத்தளத்தின் டேபிளும் அட்டவணைதான் என்பதால், ‘அட்டவணைக்கு அட்டவணை இடுக’ என்று எழுத வேண்டிவரும். சுட்டியை மவுசுக்குக் கொடுத்துவிட்டோம். சொல்லடைவில் உள்ள அடைவு நல்ல சொல்தான். ஆனால் வன்னியில் அடைவு என்றதும் நகை அடைவு வைப்பதுதான் நினைவுக்கு வரும், பள்ளிக்கூடத்திலோ மாணவர் அடைவு மட்டம்.

நான் சொல்வது சுட்டுவரிசை. சுட்டுவதும் உண்டு, வரிசையும் உண்டு. வரிசை என்ற சொல் இருந்தால் மிச்சமும் தானாக விளங்கும். புதிய பதிவு ஒவ்வொன்றையும் வரிசையில் உரிய இடத்தில் செருக வேண்டும். ஆகவே எல்லா நிரலுக்கும் சுட்டுவரிசை இட்டால் எழுதுவது மந்தமாகும். ஊர், பெயர் என்று இரண்டு நிரலுக்குச் சேர்த்து இட்டால், ஊரைச் சொல்லாமல் பெயரை மட்டும் தேடுவதற்கு அது பெரும்பாலும் உதவாது, ஏனென்றால் ஊர்தான் வரிசையில் முன்னுக்கு நிற்கிறது. இதில் ஒன்றையாவது சுட்டெண் என்ற சொல் சொல்கிறதா?

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தச் சொல் குறிக்கும் விடயம் எங்கே ஓடுகிறது, எதைச் செய்கிறது என்று ஒரு தடவை இயக்கிப் பார்ப்பதில்லை. சில இலட்சம் நிரைகளைக்கூட ‘பெருந்தரவு’ (big data) என்று எழுதுவதும் இந்த வகைதான். எஸ்கியூலைற் சுமக்கக்கூடிய கோப்பின் உச்ச அளவு ஏறத்தாழ 281 டெராபைட்; சில இலட்சம் நிரை அதற்கு ஒன்றுமே இல்லை. சுட்டுவரிசை பிடிக்காவிட்டால் இன்டெக்ஸ் என்றே தமிழில் எழுதுங்கள், படிக்கிற பிள்ளை குழம்பாது.